கோதண்டராமனின் சுத்தமான ரிப்போர்ட்

படாளம் கோதண்டராமனுக்கு ஐம்பத்தேழு வயது. சிறுசேரி கம்பெனிகளுக்கு இருபது வருடமாக கேப் ஓட்டுகிறவர். கிழவர்களை ஸ்டியரிங்கில் உட்காரவைக்காதே என்று புது மேனேஜர் சொன்ன நாளிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. மீசைக்கு மை தடவினார். யாரை ஏமாற்ற?

அப்போதுதான் மாமல்லபுரத்தில் ஒரு கிளினிக், இளமை திரும்புகிற ஊசி என்று ஏதோ பெப்டைடைச் சோதித்துப் பார்க்க ஆள் தேடியது. முழுசாகத் தெரியாத மருந்து, தொந்தரவு வந்தால் சொல்லுங்கள், நிறுத்திவிடுவோம் என்று டாக்டர் பிரதீபா நல்ல தமிழில்தான் சொன்னார். இவர் காதில் விழுந்தது அந்த ‘நிறுத்திவிடுவோம்’ மட்டும்தான்.

ஒரே மாதத்தில் முகம் மினுமினுத்தது. மேனேஜரே தோளில் தட்டினான். கூடவே விரல் வீங்கி மோதிரம் இறுகியது, நாக்கு வறண்டது, ஒன்றுக்குப் போகவே ஒரு டிரிப்பில் மூன்று இடத்தில் வண்டியை ஓரங்கட்டினார். கிளினிக்கில் கேட்டால், ஒன்றுமில்லை என்பார். ரத்தம் எடுக்கிற சிரமமெல்லாம் அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை, சிறுநீர் மட்டும்தான் கேட்டார்கள். அதற்கா வழியில்லை? டிரைவர் பேட்ஜ் புதுப்பிக்கிற மெடிக்கல் டெஸ்ட்டுக்கு கேப் ஸ்டாண்டில் சிலர் செய்கிற வேலைதான். மனைவி ஜெகதாம்பாளின் சிறுநீர் ஆறு முறை இவர் பெயரில் போனது.

“மருந்து ஒனக்கு, மூத்திரம் என்னுதா? இன்னாய்யா இது?” என்றாள் அவள்.

“வாய மூடிகினு குடு.”

வலது காலில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. பிரேக் மிதிக்கிற கால். புண் கறுத்து நாறியும் சாக்ஸை மாட்டிக்கொண்டு ஓட்டினார், பாவி மனுஷன். கடைசியில் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். சுகர் நானூற்று எண்பது. காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஊன்றுகோலோடு கிளினிக்குக்குப் போய், ஊசியால்தான் சுகர் ஏறியது என்று எழுதித் தரும்படி கேட்டார். பிரதீபா ஃபைலைத் திருப்பிக் காட்டினார். ஆறு பரிசோதனையிலும் சர்க்கரை இல்லை. தொந்தரவு ஏதுமில்லை என்று இவருடைய ஆறு கையெழுத்து.

“பதினாலு பேர்ல ஒங்க ரிப்போர்ட்டுதான் ரொம்ப சுத்தம். அத நம்பித்தான் அடுத்த செட் ஆளுங்களுக்கு டோஸ ஏத்தியிருக்கோம்.”

ஃபைலை அவர் பக்கமே தள்ளிவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். வெளியே வந்தார். பெஞ்சில் ரஞ்சித்குமார் மூடிய சிறுநீர் டப்பாவோடு உட்கார்ந்திருந்தான். அதே ஸ்டாண்டுக்காரன், ஐம்பதைத் தொடுகிறவன். இவருடைய வண்டியை இப்போது அவன்தான் ஓட்டுகிறான்.

காலைப் பார்த்து அவன் முகம் மாறியது. “அண்ணாத்த, இது அந்த ஊசியாலயா?”

கோதண்டராமன் அவன் சட்டைப்பையில் தொங்கிய வண்டிச் சாவியைப் பார்த்தார். இவர் கையில் இருந்த சாவி.

“செருப்பு கடிச்சிதுடா. ஊசி ஒண்ணும் பண்ணாது, போய்ப் போட்டுக்கோ” என்றார்.