சண்முகவேல் விட்டுக்கொடுத்த நேரம்

எண்பதுகளின் நடுவில் திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் நான் நர்ஸ். இருந்தது ஒரே மெஷின்; அதன் நேரம் முழுவதும் நோயாளிகளுக்குப் பங்கிட்டிருந்தது. என் சொந்த ஊரான சங்கரன்கோவிலிலிருந்து வாரம் இரண்டு முறை சண்முகவேல் அண்ணாச்சி பஸ்ஸில் வருவார். விசைத்தறி ஓட்டியவர், இரண்டு கிட்னியும் போய்விட்டன. ஆறு மணி நேரம் மெஷினில் படுத்தால்தான் உடம்பில் தேங்கிய நீரும் கழிவும் மெதுவாக இறங்கும்.

ஒரு நாள் காலையில் அவருக்கு ட்யூப் மாட்டிய கொஞ்ச நேரத்தில் பேச்சியம்மாள் என்ற இளம்பெண்ணைத் தூக்கி வந்தார்கள். மேலநீலிதநல்லூர்க்காரி. பருத்திக் காட்டில் களை எடுக்கும்போது விரியன் பாம்பு கடித்து, விஷமுறிவு ஊசி போட்டும் சிறுநீர் நின்றுபோயிருந்தது. சில தடவை டயாலிசிஸ் செய்தால் அவள் கிட்னி தானாகத் திரும்பிவிடக்கூடும். உடனே செய்யாவிட்டால் பிழைக்கமாட்டாள்.

டாக்டர் அண்ணாச்சி பக்கத்தில் வந்து தயங்கி நின்றார். அண்ணாச்சியே பேசினார்.

“அந்தப் பிள்ளைக்குப் போடுங்க சார். நான் பாதியில எந்திரிச்சுக்கிடுதேன்.”

“உங்களுக்கு முழு நேரம் வேணும். குறைச்சா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும்.”

“தெரியும் சார்.”

அவர் மனைவி முப்பிடாதி அழுதாள். “நமக்கும் ரெண்டு பிள்ளைய இருக்குல்லா?”

“வராந்தாவுல அழுவுதே, அது அவ பிள்ளை. கேக்கலையாட்டி உனக்கு?”

அன்று அவரைப் பாதி நேரத்திலேயே கழற்றினோம். பேச்சியம்மாள் ஆஸ்பத்திரியில் இருந்தவரை மெஷினை அப்படித்தான் பங்கிட்டோம். அண்ணாச்சியின் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று சுவரில் சாய்ந்தே தூங்கினார்.

சில வாரத்தில் பேச்சியம்மாளுக்கு மறுபடி சிறுநீர் பிரிந்தது. அவள் வீட்டுக்குப் போனாள். அண்ணாச்சிக்கு மறுபடி முழு நேரம் கொடுத்தோம். வீக்கம் வடிந்தது. ஆனால் ஏற்கெனவே பலவீனமாக இருந்த இருதயம் இன்னும் தளர்ந்துவிட்டது என்றார் டாக்டர். அடுத்த மழைக்காலத்துக்குள் அண்ணாச்சி இறந்துபோனார்.

துஷ்டி வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சியம்மாளும் வந்து முப்பிடாதியின் அருகில் உட்கார்ந்தாள். முப்பிடாதி வெகுநேரம் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு கேட்டாள்: “ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதாட்டி?”

“போகுதுக்கா” என்றவள் அப்புறம்தான் வாய்விட்டு அழுதாள்.

பிற்பாடு மெஷின்கள் கூடின. “பஸ்ஸுக்கு நேரமாச்சு, சீக்கிரம் கழட்டுங்க சிஸ்டர்” என்று கேட்பவர்களும் கூடினார்கள். அவர்களிடம் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லிவிட்டு, இதையும் சொல்லுவேன்: மெஷினில் படுத்திருக்கும் நேரமும் மருந்துதான். குறைத்தால் உடம்பு அதற்கு ஈடு கேட்கும். அவர் தம் நேரத்தை ஓர் உயிருக்குக் கொடுத்தார். நீங்கள் உங்கள் நேரத்தைச் சும்மா விட்டுவிட்டுப் போகாதீர்கள்.