அம்மா சொல்ல மறுத்த பாவம்

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் புறப்படுவதற்குச் சற்று முன்னால் அம்மா ஒரு கோப்பை வெறுந்தேநீர் குடிப்பார். நன்மை எடுக்க, அதாவது பீடத்தடியில் ஆசீர்வதித்த அப்பம் வாங்கப் போகிறவர்கள் அதற்கு ஒரு மணித்தியாலம் முன்பிருந்தே எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்பது கத்தோலிக்கக் கோவில் ஒழுங்கு. ஆகவே எல்லாரும் எழுந்து பீடத்தை நோக்கி வரிசையாகப் போகும்போது அம்மா மட்டும் கடைசி வாங்கில் முழந்தாளில் இருப்பார். சின்ன வயதில் நான் ஏன் என்று கேட்டால், "தேத்தண்ணி குடிச்சுப்போட்டன் பிள்ளை" என்பார். அடுத்த கிழமையும் குடிப்பார். இருபத்திரண்டு வயதுவரைக்கும் நான் அதை மறதி என்றே நம்பியிருந்தேன். இப்போது நினைத்தாலும் என்மீதே எரிச்சல் வருகிறது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்று இரண்டு வருடமாகியிருந்தது. பண்டத்தரிப்பில் எங்கள் கோவிலுக்குப் பின்னாலிருந்த மண்டபத்தில் நான் முதல் நன்மைக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தேன். ஒரு நாள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழும்பிக் கேட்டாள்.

"டீச்சர், நன்மை எடுக்காமல் இருக்கக் கூடாதெண்டு சொன்னியள். உங்கடை அம்மா ஏன் எடுக்கிறேல்லை?"

நான் தேநீர்க் கதையைச் சொன்னேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்த வேகத்திலேயே குசினிக்குள் போனேன். அம்மா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"வாற ஞாயிறு நீங்கள் தேத்தண்ணி குடிக்கக் கூடாது."

அம்மா கத்தியை நிறுத்தவில்லை. "குடிக்காட்டிலும் எடுக்கேலாது. நானும் கொப்பாவும் கோவிலிலை கலியாணம் கட்டேல்லை."

கறிக்கு உப்புப் போதாது என்பதைப் போலச் சொன்னார். அப்பா சைவக் கமக்காரக் குடும்பம், அம்மா கத்தோலிக்கம் என்பது எனக்குத் தெரிந்ததுதான். அப்பா திருநீறு பூசிக்கொண்டு தோட்டத்துக்குப் போவதும், அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போவதும் எங்கள் வீட்டின் வழக்கம். ஆனால் இரண்டு வீட்டாரும் மறுத்ததால் அவர்கள் பதிவுக்காரரிடம் கையெழுத்து மட்டும் வைத்துக் கட்டினார்கள் என்பதும், கோவிலின் கணக்கில் அது கலியாணமே இல்லை என்பதும், அதனால் இருபத்துநாலு வருடமாக அம்மா நன்மையும் எடுக்காமல் பாவசங்கீர்த்தனமும் செய்யாமல் ஒரு ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போய்வருகிறார் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. எங்களுக்கு மட்டும் ஒவ்வொருவராகக் கைக்குழந்தையிலேயே கொண்டுபோய் ஞானஸ்நானம் வாங்கித் தந்திருக்கிறார்.

அடுத்த நாளே பங்குச் சுவாமியாரிடம் போனேன். புதிதாக வந்திருந்த இளம் குருவானவர். நான் சொல்லி முடிக்குமுன்பே அவர் தலையாட்டினார்.

"அப்பா சமயம் மாறத் தேவையில்லை. ஆயர் ஆண்டவரிட்டை ஒரு அனுமதிக் கடிதம், ரெண்டு சாட்சி. கால் மணித்தியால வேலை."

கால் மணித்தியாலம் என்றதை நான் நம்பினேன். அந்த வேலை கார்த்திகையில் தொடங்கிச் சித்திரையில்தான் முடிந்தது.

அப்பாவிடம் சொன்னபோது அவர் தோட்டத்துக் கிணற்றில் துலாவால் இறைத்துக்கொண்டிருந்தார். மண்ணெண்ணெய் இல்லாமல் பம்ப் மூலையில் கிடந்தது. "கட்டினவளைத் திருப்பிக் கட்டுறதோ?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாள் காலை அவரே வந்தார்.

"பின்கதவாலை போய்க் கால் மணித்தியாலத்திலை கட்டிக்கொண்டு வர நான் என்ன கள்ளனே? செய்யிறதெண்டால் முழுக்கச் செய்வம். எனக்கும் தண்ணி வாக்கச் சொல்லு உன்ரை சுவாமியாரை."

"அப்பா, அது தேவையில்லை எண்டு அவரே சொன்னவர்."

"அவருக்குத் தேவையில்லாமல் இருக்கலாம். நான் முன்கதவாலைதான் போவன்."

சுவாமியாருக்கு நல்ல சந்தோசம். பெரியவர்களுக்குச் சித்திரையில் வரும் உயிர்ப்பு விழாவில் ஞானஸ்நானம் கொடுக்கலாம், அதற்குள் செபங்களும் மறைக்கல்வியும் படித்துவிட வேண்டும் என்றார். "நீர்தானே பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறனீர். வீட்டிலையே படிப்பியும்."

என் தலைவிதியை நானே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

விளக்குக்கு எண்ணெய் இல்லாததால் பின்னேரம் ஐந்து மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே கிணற்றுக்கட்டில் வகுப்பு வைத்தோம். அப்பா தோய்ந்து, திருநீறு பூசி, சுத்தமான சாரத்தோடு வந்து இருப்பார். செபம் படிக்கத் திருநீறு வேண்டாம் அப்பா என்றால், "சாமி காரியத்துக்கு வெறும் நெத்தியோடை இருக்கிறதோ?" என்பார். செபங்களைப் பாடமாக்குவதில் குறை சொல்ல முடியாது. ஆனால் எதைச் சொன்னாலும் தேவாரப் பண்ணில்தான் வாயில் வரும். விசுவாசப் பிரமாணச் செபத்தை அவர் நீட்டி இழுத்துப் பாட, வேலிக்கு அந்தப்பக்கத்து ஆட்கள் நின்று கேட்பார்கள். நான் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொள்வேன்.

பாடமாக்கியதோடு விட்டிருக்கலாம். அவருக்குக் கேள்விகள் இருந்தன.

"பாவத்தைச் சுவாமியாரிட்டைச் சொன்னால் மன்னிப்போ?"

"ஓம். மனஸ்தாபப்பட்டு, செய்ததுக்கு வருந்திச் சொல்லவேணும்."

"அப்ப பக்கத்து வளவுக்காரன்ரை ஆடு என்ரை மிளகாய்க் கண்டு முழுக்கத் திண்டது. அவன் உங்கடை சுவாமியாரிட்டைச் சொல்லி மன்னிப்பு வாங்கிப்போட்டு வருவான். என்ரை கண்டுக்கு ஆர் பதில்?"

நட்டத்துக்கு ஈடு செய்யவும் வேண்டும் என்று நான் சொன்னேன். "அதைச் சுவாமியார் அவனுக்குச் சொன்னவரோ?" என்றார். அதைக் கேட்க முடியாது, அது இரகசியம் என்றேன். "அப்ப ஆருக்கும் தெரியாது, கண்டு போனதுதான் மிச்சம்" என்று எழும்பி மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். அன்றைய வகுப்பு அவ்வளவுதான்.

இன்னொரு நாள் ஞானஸ்நானப் பெயர். ஒரு புனிதரின் பெயரைத் தெரிவு செய்யுங்கள் என்றேன். "என்ரை பேருக்கு என்ன குறை?" என்று ஒரு கிழமை வகுப்புக்கே வரவில்லை. விபூதிப் புதனன்று நான் நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தபோது மட்டும் நல்ல முகத்தோடு பார்த்தார். "வருசத்திலை ஒரு நாளெண்டாலும் உங்கடை ஆக்களுக்குப் புத்தி வருது."

அந்த மாதங்களில் எனக்கு வந்த தலையிடிக்கு அளவில்லை. பகலில் எட்டு வயதுப் பிள்ளைகள், பின்னேரம் ஐம்பத்திரண்டு வயதுப் பிள்ளை. பிள்ளைகள் சொன்னதைக் கேட்டார்கள். அம்மா இதற்கெல்லாம் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாங்கள் கிணற்றடியில் வாதாடிக்கொண்டிருக்கும்போது குசினியில் சட்டி பானைகளின் சத்தம் கேட்கும். மனத்துக்குள் சந்தோசப்படுகிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

உயிர்ப்பு விழாவுக்கு மூன்று கிழமை இருக்கும்போது சுவாமியார் என்னிடம், அம்மாவையும் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தப்படுத்தச் சொன்னார். அது இலகுவான வேலை என்று நினைத்து அன்றைக்கே அம்மாவிடம் உட்கார்ந்தேன். கனகாலம் செய்யாததால் எங்கே தொடங்குவது என்று தெரியாதிருக்கும், முதலில் கலியாண விசயத்தைச் சொல்லுங்கோ என்றேன்.

"மற்றதெல்லாம் சொல்லுவன். உதைச் சொல்லன்."

"அம்மா, அதுக்குத்தானே இவ்வளவும்."

"ஆர் கேட்டது இவ்வளவையும்? நான் கேட்டனானே? கொப்பாவைக் கட்டினதைப் பாவமெண்டு சொல்ல என்ரை வாய் வராது. இருபத்துநாலு வருசம் அதுக்குத்தான் பேசாமல் இருந்தனான்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான்கு மாதமாகக் கிணற்றுக்கட்டில் தொண்டை கிழியக் கத்தியது அப்பாவோடு. இடைஞ்சல் குசினிக்குள் இருந்திருக்கிறது.

சுவாமியாரிடம் போய் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, மறுநாள் பின்னேரம் தானே சைக்கிளில் வந்தார். முற்றத்தில் கதிரை போட்டோம். அப்பா சற்றுத் தள்ளி வெங்காயப் பிடி கட்டிக்கொண்டு, கேட்காதவர்போல இருந்தார். சுவாமியார் மிகவும் பதமாகத்தான் தொடங்கினார். அவரைக் கட்டியதற்காக அல்ல, கோவிலைக் கேளாமல் கட்டியதற்காக மனஸ்தாபப்பட்டால் போதும் என்றார்.

"நான் கேட்டனான் சுவாமி."

சுவாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கள் இப்ப இருக்கிற அந்த வீட்டிலைதான். மூண்டு தரம் போனனான். அப்ப இருந்த சுவாமி, அவன் மாறாட்டில் இந்தப் படியிலை ஏறாதை எண்டவர். மூண்டாம் முறை கதவு திறக்கேல்லை. நான் என்னத்துக்கு மனஸ்தாபப்பட வேணும்?"

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ஒரு வசனத்தை எனக்கு முன்பே சொல்லியிருந்தால் என்ன?

சுவாமியார் கதிரையை அம்மாவின் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு சொன்னார். "அதுக்கு நீங்கள் மனஸ்தாபப்பட வேண்டாம். மனஸ்தாபப்படவேண்டியது எங்கடை பக்கம். உங்களிட்டை வேறை ஏதும் இருந்தால் அதைக் கொண்டு வாங்கோ."

"வேறை கனக்க இருக்கு" என்றார் அம்மா.

அவர் போனபின் நான் பெரிய பாரம் இறங்கியவள்போல உள்ளே போனேன். அப்பாவுக்கு ஞானஸ்நானத்துக்கென்று தைத்த வெள்ளைச் சேட்டுக்குப் பொத்தான் வைக்கவேண்டியிருந்தது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போது அப்பா வாசலில் வந்து நின்றார்.

"பிள்ளை, தண்ணி வாக்கிறது வேண்டாம்."

ஊசி விரலில் ஏறியது.

"நான் இருந்தமாதிரியே என்னைக் கட்டினது பாவமில்லை எண்டு அவ சொல்லுறா. இப்ப நான் மாறிப் போய் நிண்டால் அவ சொன்னது பொய்யெண்டு ஆகிடும். நான் இப்பிடியே நிண்டு கட்டுறன்."

"இதை நாலு மாதத்துக்கு முதலே சொல்லியிருக்கலாமே அப்பா."

"நாலு மாதத்துக்கு முதல் எனக்குத் தெரியாதே. இண்டைக்குத்தானே கேட்டனான்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் ஆத்திரம். சேட்டை மடித்துப் பெட்டியில் போட்டேன்.

அப்பா மாறாததால் முதலில் சொன்ன அனுமதிக் கடிதம் திரும்பவும் தேவைப்பட்டது. விண்ணப்பத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்த ஆயர் இல்லத்துக்குச் சைக்கிள் மிதித்தேன். அதைப் பார்க்கவேண்டிய குருவானவர் இடம்பெயர்ந்தவர்களைப் பார்க்கப் போயிருந்தார். இரண்டாம் முறை பாதி வழியில் குண்டுவீச்சு விமானம் வர, வாய்க்காலுக்குள் ஒரு மணித்தியாலம் கிடந்துவிட்டுச் சேற்றோடு திரும்பினேன். மூன்றாம் முறை கடிதம் கிடைத்தது. அரைப்பக்கம்கூட இல்லை.

உயிர்ப்பு விழா முடிந்த இரண்டாம் சனிக்கிழமை பின்னேரம் கட்டினார்கள். அதற்கு முதல் அம்மா பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். நானும் அப்பாவும் மாமர நிழலில் நின்றோம். பத்து நிமிடம் போனது, இருபது போனது, அரை மணித்தியாலமும் போனது.

"என்னைப்பற்றித்தான் சொல்லுறா போலை" என்றார் அப்பா.

"உங்களைப்பற்றிச் சொல்ல ஏலாது. தன்ரை பாவத்தைத்தான் சொல்லவேணும்."

"அப்பிடியெண்டால் இவ்வளவு நேரம் எடாதே."

அம்மா வெளியே வந்தபோது முகம் கழுவியதுபோல இருந்தது. வாங்கோ என்று எங்களுக்குக் கையைக் காட்டினார். பிறகு பீடத்துக்கு முன்னால் கால் மணித்தியாலம். சாட்சி நானும் கோவில் பராமரிக்கும் பெரியவரும். சுவாமியார் அம்மாவுக்குக் கலியாண வசனத்தைச் சொல்லிக்கொடுக்க, நடுவில் அம்மா தடுமாறினார். அப்பா பக்கத்திலிருந்து மிச்சத்தை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் பாடமாக்கி வைத்திருந்தார் மனிதன்.

மறுநாள் அப்பாவும் பூசைக்கு வந்து பின்னால் நின்றார். அந்த நாட்களில் கோதுமை மா வருவது அருமை என்பதால் அப்பத்தைச் சிறுசிறு துண்டாக உடைத்துத்தான் கொடுப்பார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது சின்னி விரல் நகமளவு. திரும்பி வந்து முக்காட்டை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டார். தோள் மட்டும் அசைந்தது. எனக்கு முன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்க, நானும் அழுதேன்.

வெளியே வந்தபோது அப்பா கேட்டார். "உவ்வளவு துண்டுதானோ?"

"உவ்வளவுதான்."

"இதுக்கோ இருபத்துநாலு வருசம்?"

"பேசாமல் நடவுங்கோ" என்றார் அம்மா.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. அடுத்த ஞாயிறு நன்மை வேளையில் நான் வரிசையில் நின்று திரும்பிப் பார்க்கிறேன், அம்மா கடைசி வாங்கில் முழந்தாளில் இருக்கிறார். பூசை முடிந்து வாசலில் பிடித்தேன்.

"ஏன் வரேல்லை?"

"முந்தநாள் விதைவெங்காயத்துக்காகக் கொப்பாவோடை சண்டை. மனசுக்குள்ளை கோவம் கிடக்கு. அதோடை எப்பிடிப் போறது?"

"அப்ப காலமை பாவசங்கீர்த்தனம் செய்திருக்கலாமே. சுவாமியார் இருந்தவர்தானே."

"கோவம் இன்னும் போகேல்லை. போகாமல் எப்பிடி மனஸ்தாபப்படுறது?"

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியே வீட்டுக்கு வந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. குசினியில் அப்பா அம்மாவிடம் கேட்பது கேட்டது.

"இவளுக்கு என்ன நடந்தது?"

"ஆருக்குத் தெரியும்" என்றார் அம்மா. "குழம்பு போதுமோ, இன்னும் விடட்டோ?"