எப்போதும் அணைக்காத சுவிட்ச்

எங்கள் வீட்டில் யாரும் எதையும் போட்டது போட்டபடி விடுவதில்லை. அறையை விட்டு வெளியே வந்தால் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். டிவியை ரிமோட்டில் அணைத்தால் பத்தாது, பிளக் சுவிட்சையும் அணைக்க வேண்டும். இது என் மாமியார் ஏற்படுத்திய வழக்கம். கல்யாணமாகித் திண்டிவனம் வந்த கொஞ்ச நாளிலேயே எனக்கும் தொற்றிக்கொண்டது. நல்ல பழக்கம்தான். ஆனால் என் கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போன பிறகு அந்த நல்ல பழக்கத்தோடு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அவருக்கு விழுப்புரத்தில் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. என் ரத்தம் அவருக்குச் சேரவில்லை, மாமியாருக்கோ சர்க்கரை. அதனால் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிந்து வைத்திருந்தோம். இறந்துபோன யாருடையதாவது கிடைத்தால் கூப்பிடுவார்கள்.

"எப்ப வேணாலும் கூப்பிடுவோம். ஃபோன் ஆஃப் ஆகவே கூடாது. நீங்க எடுக்கலன்னா அடுத்தவங்களுக்குப் போயிடும்" என்று அங்கிருந்த பெண் கறாராகச் சொல்லிவிட்டு இரண்டு எண்கள் கேட்டார். ஒன்று என் கணவருடைய கைபேசி. நான் விழுப்புரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அந்தக் கட்டடத்துக்குள் என் கைபேசிக்குச் சிக்னல் வராது. அதனால் இன்னொன்றாக என் மேசைத் தொலைபேசியின் எண்ணைக் கொடுத்தோம்.

அன்றிலிருந்து அவருடைய கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதே வீட்டில் பெரிய வேலை. கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக் கிடையாது. ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்திருந்தோம். மாமியார் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அணைத்துவிடுவார். "ஐயோ, பழக்க தோஷத்துல பண்ணிட்டேம்மா" என்பார். நானும்தான் அணைத்திருக்கிறேன். போதாததற்குக் கரண்ட் வேறு நினைத்த நேரத்தில் போகும்.

அப்போதுதான் யூஎஸ்பி துளை வைத்த பிளக் பாயிண்ட் கடைகளுக்கு வந்திருந்தது. சார்ஜர் கட்டையே வேண்டாம், கம்பியை நேராகச் சுவரில் சொருகலாம். விழுப்புரத்தில் டயாலிசிஸ் முடிந்து வரும் வழியில் அவரே ஆசையாக ஒன்று வாங்கிவந்தார். அவர் ஆசைப்பட்டு எதையாவது வாங்கி வெகுநாள் ஆகியிருந்ததால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

மாட்ட வந்த எலக்ட்ரீசியன் கட்டில் பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தார். தொண்ணூற்று மூன்றில் மாமனார் கட்டிய வீடு. "பைப்புல புதுசா ஒயர் இழுக்க எடம் இல்லக்கா. இருக்கற லைன்லருந்துதான் எடுக்கணும். இந்த ஊட்ல நீங்க ஆஃப் பண்ணாத சுவிட்சு எதுனா இருக்குதா?" என்று கேட்டார்.

மூன்று பேரும் ஒன்றாகத் தலையைத் தூக்கினோம். கட்டிலுக்கு மேலே திருஇருதய ஆண்டவர் படம். அதன் கீழே சின்னச் சிவப்பு பல்பு. கரண்ட் போனாலும் அது அணையக் கூடாதென்று இன்வெர்ட்டரில் கொடுத்திருந்தோம். கஞ்சத்தனத்தில் கரைகண்ட என் மாமியார் கைவைக்காத ஒரே சுவிட்ச் அதுதான்.

"அப்ப இதுலயே குடுத்துட்றேன், கவலையே உட்ருங்க" என்றார் எலக்ட்ரீசியன். மாமியாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எம்புள்ள ஃபோனுக்கு ஆண்டவரே கரண்ட் குடுக்கறாரு" என்று தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவைத்தார். நானும் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை மறைப்பானேன்.

அதற்குப் பிறகு வந்த முதல் தவக்காலம். பெரிய வியாழன் சாயங்காலப் பூசைக்கு நானும் மாமியாரும் போய்வந்தோம். பூசை முடிந்ததும் கோயிலில் பீடத்துத் துணியை எடுத்து, விளக்கை அணைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் வருஷத்தில் இந்த ஒருமுறை அதே வழக்கம். ஆண்டவர் படத்தை ஊதாத் துணியால் மூடி, பல்பை அணைத்தால், சனி ராத்திரி ஈஸ்டர் பாஸ்கா பூசை முடிந்து வந்துதான் மறுபடி போடுவோம். மாமியார் ஸ்டூலில் ஏறித் துணியைக் கட்டினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். அவர் இறங்கிவந்து சுவிட்சை அணைத்து நெற்றியில் சிலுவை போட்டார். நானும் போட்டேன். கட்டிலில் படுத்திருந்த என் கணவரும் போட்டார். அவர் தலைமாட்டில் கைபேசி கம்பி சொருகியபடி இருந்தது. மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் பெரிய வெள்ளி. முந்தின நாள் டயாலிசிஸ் செய்த அசதியில் அவர் எழுந்திருக்கவே இல்லை. கம்பி சொருகியிருந்ததால் கைபேசியை எடுத்தும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தானே அதை மாட்டினோம். மத்தியானம் நாங்கள் இருவரும் சிலுவையை முத்தமிடக் கோயிலுக்குப் போய்விட்டோம். விழுப்புரத்தில் என் அலுவலகம் லீவு.

திரும்பி வந்தபோது அவர் சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். கைபேசியை மிக்ஸி பிளக்கில் போட்டிருந்தார். மாமியார் கால் கழுவத் தோட்டத்துப் பக்கம் போனார்.

"ஆஸ்பத்திரில இருந்து கூப்ட்டுக்கினே இருந்துருக்காங்க" என்றார் என் கணவர். "முழிச்சுப் பாத்தா ஃபோன் செத்துக் கெடக்குது. இங்க போட்டதும் மெசேஜா வந்து கொட்டுச்சு. நான் திருப்பி அடிச்சேன். உன் ஆபீசுக்கும் அடிச்சாங்களாம், யாரும் எடுக்கலையாம்."

"என்னா சொன்னாங்க?"

"அடுத்த ஆளுக்குக் குடுத்துட்டாங்களாம். மறுபடி வந்தா கூப்புட்றோம்னாங்க."

ஆண்டவர் மேல், மாமியார் மேல், பூட்டிய அறைக்குள் கத்திக் கத்தி ஓய்ந்திருக்கும் அந்த மேசைத் தொலைபேசி மேல், எல்லாவற்றின் மேலும் எனக்கு ஆத்திரம். வாயைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன அவருடைய கை.

"அம்மாகிட்ட சொல்லிடாத. தாங்காது" என்றார்.

மாமியார் உள்ளே வந்து, "ஏன்டா தரையில குந்திக்கினு கீற?" என்று கேட்டார். "புழுக்கமா இருந்துச்சும்மா" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி கூப்பிடவில்லை. நான் வேறு இடத்தில் பிளக் வைத்தேன், கைபேசியை இடுப்பில் முடிந்துகொண்டு அலைந்தேன், என் கைபேசி எண்ணையும் கொடுத்தேன். எதுவும் வரவில்லை. கிறிஸ்துமஸ் குடில் கட்டும் சமயத்தில் அவரை அடக்கம் செய்தோம்.

நானும் மாமியாரும் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். பெரிய வியாழன் வந்தால் அவர் ஸ்டூலில் ஏறுகிறார், நான் பிடித்துக்கொள்கிறேன். இந்த வருஷம் துணியைக் கட்டிவிட்டு, சுவிட்சில் கை வைத்தபடி நின்றார்.

"எத்தினி நாளு காத்துக்கினு இருந்தான் எம்புள்ள. ஒரு ஃபோனு வந்துச்சா பாரேன்" என்றார். "வந்துருந்தா நாம எடுத்துருக்க மாட்டமா?"

"எடுத்துருப்போம் அத்தை" என்றேன். அவர் பல்பை அணைத்தார்.