சார் சம்பளம் வாங்குவதில்லை

தொண்டு நிறுவனத்தில் கணக்கு எழுதுவதில் ஒரு வசதி உண்டு. எதையும் திருடாமலே, திருடினவருக்குக் கிடைக்கிற பார்வை முழுவதும் கிடைத்துவிடும். ஊர்ச் சங்கத்தில் பொருளாளராக இருந்தவர்களுக்கும், கோயில் வசூலுக்கு ரசீதுப் புத்தகம் தூக்கியவர்களுக்கும் நான் சொல்வது உடனே புரியும். எனக்கு ஊர் மலையடிவாரத்தில் சேந்தமங்கலம். வேலை மலைமேல், செம்மேட்டில் உள்ள ஒரு சின்ன டிரஸ்ட்டில். சாமை, தினை உமி நீக்கும் மெஷின்களை மலை ஊர்களில் வைத்துக்கொடுக்கிற டிரஸ்ட் அது.

பழைய ஸ்கூட்டர்

ஊர் ஊராகப் போய்வர பஸ்ஸை நம்பிப் பயனில்லை என்று, கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினேன். சந்தை நாளன்று அதை டீக்கடை முன்னால் நிறுத்தினேன். கடைக்காரர் வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், சீட்டைத் தட்டினார், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் ஆரம்பித்தேன். சங்கிலி எத்தனை பவுன், எந்த அடகுக்கடை, வட்டி எவ்வளவு, வண்டியை விற்றவர் யார் என்று எல்லாம் சொல்லி முடித்தேன். டீயை ஆற்றிக்கொண்டே பொறுமையாகக் கேட்டவர், டம்ளரை நீட்டிச் சொன்னார்: "நல்லதுங்க. நாங்க யாருகிட்டயும் சொல்ல மாட்டோமுங்க."

நிர்வாகம் எந்த ஊரு?

எங்களுக்குப் பணம் கொடுப்பவர்கள் புதிதாக ஒரு நிபந்தனை போட்டார்கள். மெஷின் உள்ள ஊர்களில் எல்லாம் வரவு செலவை மக்கள் முன்னால் படிக்கவேண்டும். டிரஸ்ட்டை நடத்துகிறவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; முதல் கூட்டம் திண்ணனூர் நாட்டில் ஒரு சின்ன ஊரில். வண்டி போகிற வரைக்கும் போய், மிச்ச தூரத்தை நடந்து சேர்ந்தேன்.

மெஷின் விலை, ரிப்பேர், பயிற்சி என்று படித்துக்கொண்டே வந்து "நிர்வாகச் செலவு" என்றேன். அங்கே மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண்கள் குழுவின் தலைவி சின்னப்பொண்ணு கையைத் தூக்கினார். "ஏனுங்க, அந்த நிர்வாகம் எந்த ஊருங்க?" சிரிக்கிறாரா, நிஜமாகவே கேட்கிறாரா என்று முகத்தில் தெரியவில்லை. ஆபீஸ் வாடகை, கரண்ட் பில், போன், என் சம்பளம் எல்லாம் சேர்ந்ததுதான் நிர்வாகம் என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "மெஷினுக்கு அடுத்தபடியா அதுதானுங்க நல்லாத் திங்குது. ஒரு நாளைக்குக் கூட்டியாங்க, மூஞ்சியாவது பாக்கறோம்."

கைதட்டல் வரவில்லை

அதே கூட்டத்தில் என் சம்பளத்தைப் படித்தேன். அத்தனை தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. அடுத்து எங்கள் இயக்குநர் தங்கவேல் சார். அவரும் மலைக்காரர்தான், பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து டிரஸ்ட் ஆரம்பித்தவர். "இயக்குநர் சம்பளம், இல்லை" என்று படித்து நிறுத்தினேன். யாராவது கைதட்டுவார்கள் என்று நிஜமாகவே எதிர்பார்த்தேன்.

ஒருவரும் தட்டவில்லை. பொறுக்க முடியாமல், காகிதத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னேன்: "சார் டிரஸ்ட்ல இருந்து ஒரு ரூபாகூட எடுக்கறதில்லைங்க." பின்னாலிருந்து காளியண்ணன் என்கிற விவசாயி எழுந்தார். "அப்ப அவரு ஜீப்புக்கு டீசல் யாருங்க போடறாங்க?" சாருக்கு மிளகுத் தோட்டம் இருக்கிறது, அந்த வருமானம் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "எங்களுக்கும் மிளகு இருக்குதுங்க. டீசல் போட முடியலீங்களே."

திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்படிப்பட்ட மனிதரைக்கூட நம்பமாட்டார்களா என்று.

ஷீட்டு மாற்ற வந்தவர்

மழைக்காலத்தில் ஆபீஸ் கூரை கம்ப்யூட்டர் மேலேயே ஒழுகியது. கட்டடத்துக்கு ஓனர் விசாலாட்சி என்று ஒருவர். வாடகையை மாதாமாதம் நான்தான் அவர் கணக்குக்கு அனுப்புவேன், ஆளைப் பார்த்ததில்லை. கீழே நாமக்கல்லில் இருக்கிற யாரோ என்று நினைத்திருந்தேன். ஓனரிடம் சொல்லுங்கள் என்று சாரிடம் கேட்டதற்கு, "நான் பாத்துக்கறேன்" என்றார்.

இரண்டு நாளில் ஷீட்டு மாற்ற ஆள் வந்துவிட்டார். ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தவரிடம், செலவுக்கு ஓனர் ஒத்துக்கொண்டாரா என்று கேட்டேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நம்ம சாரு ஊட்டு பாப்பாக்காதானுங்க ஓனரு. உங்களுக்கே தெரியாதுங்களா?"

கேள்வி கேட்கிற மூஞ்சி

சாருடைய மனைவியை மலையில் எல்லோரும் பாப்பாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். அவர் கையால் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறேன்; பெயரைக் கேட்டதே இல்லை. அன்றிலிருந்து என் கண்ணே மாறிவிட்டது. சார் பலாப்பழம் வாங்கினால் யார் காசு என்று பார்த்தேன். ஜீப்புக்கு டயர் மாற்றினால் பில்லைத் தேடினேன். காளியண்ணன் மாதிரியே ஆகிவிட்டேன்.

ஒரு வாரம் அப்படி இருந்துவிட்டு நேராகவே கேட்டேன். சார் மறைக்கவில்லை. "ஊரு வாடகையவிடக் கம்மிதான கண்ணு? ஆடிட்டருக்கும் தெரியும்" என்றார். இரண்டும் உண்மை. "ஊருக்குத் தெரியாதுங்களே சார். நீங்க ஒரு ரூபா எடுக்கறதில்லைன்னு நான் சபையில சொல்லிட்டேனுங்க" என்றேன். வேலை போனால் சங்கிலியும் திரும்பாது. அடுத்த வருஷம் சொல்லிக்கொள்ளலாம் என்றார் அவர். அப்படியானால் இந்த வருஷக் கணக்கை நீங்களே வந்து படியுங்கள், நான் படிக்கமாட்டேன் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "உன்னைய எடுத்தப்பவே பாப்பா சொன்னா, இது கேள்வி கேக்கற மூஞ்சின்னு."

சார் வந்து படித்தார்

அடுத்த கூட்டத்தை அதே ஊரில் மறுபடி போட்டோம், சாரே வந்தார். மற்றதை நான் படித்தேன். வாடகை வந்ததும் காகிதத்தை வாங்கி, "இது எங்க ஊட்டுக்குத்தான் வருது. கட்டடம் எம்பொண்டாட்டி பேருல இருக்குது. முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். ஒரே கூச்சல். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை, வேறு என்னென்ன இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள். சாருடைய காதெல்லாம் சிவந்திருந்தது. டீசலுக்கு வந்தபோது, தன் தோட்டத்து மிளகு விற்ற ரசீதுகளை எடுத்துக் காளியண்ணன் கையில் கொடுத்தார். காளியண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கவில்லை, பக்கத்திலிருந்தவரிடம் நீட்டினார்.

கூச்சல் அடங்கியதும் சின்னப்பொண்ணு எழுந்தார். சாரைத் திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "நீங்க பேசாம சம்பளம் வாங்கிக்குங்க சார். சும்மா செய்யறவரைக் கேள்வி கேக்க எங்களுக்கு வாய் வரமாட்டேங்குது."

இப்போது சார் சம்பளம் வாங்குகிறார், அதுவும் வாடகையும் ஆபீஸ் வாசல் போர்டில் பெரிய எழுத்தில் இருக்கின்றன. எனக்கோ, சந்தேகப்பட்டு வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுகிற வேலை ஒன்று கூடியிருக்கிறது.