ஏழு களிமண் உருண்டைகள்

ஏரிக் களிமண்ணை உள்ளங்கையில் வைத்து உருட்டும்போது எழும் பாசி வாடை எனக்கு மிகவும் பிடிக்கும் என்பதால், வசந்தா அக்கா கேட்டதுமே ஏழு உருண்டைகள் உருட்டிக் கொடுத்தேன். அக்கா அப்போது ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தினமும் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறிப் போய் பி.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பயிர் வைத்துப் பிழைத்த எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் செய்யப்போனது, வகுப்பில் நடத்திய ஒரு ஹைட்ரோகார்பனின் உருவம். ஆறு உருண்டைகளை ஈர்க்குச்சியால் வளையமாகக் கோத்து, எதிரெதிரே இருந்த இரண்டை ஏழாவது உருண்டையால் பாலம் போட்டதுபோல் மேலே இணைத்தாள்.

"இந்த ரெண்டும் பாலத்தோட கால். ஒரு காலுலேருந்து இன்னொண்ணுக்குப் போவ மூணு வழி கீது பாரு. நடுவுல எத்தினி உருண்டை? ரெண்டு, ரெண்டு, ஒண்ணு. பெரிய வழியத்தான் மொதல்ல சொல்லணும். மொத்தம் ஏழு கார்பன், அதான் ஹெப்டேன்."

பிறகு "பைசைக்ளோ டூ டூ ஒன் ஹெப்டேன்" என்று முழுப்பெயரையும் பாட்டுப்போல இழுத்தாள். பெயரைக் கேட்டாலே உருவத்தைக் கட்டிவிடலாம் என்பதில் அவளுக்கு அப்படியொரு மகிழ்ச்சி.

அந்த வாரமே பெண் பார்க்க வந்தார்கள். மாடத்தில் காய்ந்துகொண்டிருந்த அந்த உருவத்தைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, "இன்னாம்மா இது, களிமண்ணும் குச்சியுமா?" என்று கேட்க, அக்கா ஆசையாக முழுப்பெயரையும் சொன்னாள். அந்த அம்மாள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "மந்திரம் மாதிரி இன்னாவோ சொல்லுதே பொண்ணு" என்றபடி எழுந்தவள்தான், திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் தெருவெல்லாம், அந்த வூட்டுப் பொண்ணு "ஏவல், சூனியம் வெக்கிது" என்று பேச்சு.

அப்பா அந்தக் களிமண் உருவத்தை மிதித்து நொறுக்கினார். "படிச்சிக் கிழிச்சது போதும். வூட்டுலயே கெட."

"பரீட்சை மட்டும் எழுதிட்டு வந்துடறேன்ப்பா" என்று அக்கா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது மந்திரமில்லை என்று அப்பாவுக்கும் தெரியும். ஆனால் ஊர் வாய்க்குப் பயந்தவர் மகளின் கண்ணீருக்கு இரங்கவில்லை. பரீட்சை நாளன்று அவள் கொல்லையில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். ஆடி கழிந்ததும், படப்பையில் மனைவியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்தவருக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

போன வருஷம் நாங்கள் வளர்ந்த ஸ்ரீபெரும்புதூர் வீட்டையும் விற்றுவிட்டோம். இடித்துவிட்டு, கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கும் பிள்ளைகளுக்கு வாடகை அறைகள் கட்டுகிறார்கள். பத்திரம் பதியப் போன இடத்தில் எழுத்தர் அக்காவைப் பார்த்து, "படிக்கத் தெரியுமாம்மா, இல்ல நானே படிச்சுக் காட்டட்டுமா?" என்றார்.

"தெரியாதுப்பா, நீயே படி" என்று சொல்லிவிட்டு, அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.