அட்டையில் பழகிய இயந்திரம்

2004ஆம் ஆண்டின் நாட்காட்டித் தாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. மாசி மாதத்துத் தாள். அதன் பின்பக்கத்தில் என் அக்கா எழுதியிருக்கிறாள்: "ஸ்ரீபெரும்புதூர். காலை எட்டு மணிக்குள். ஒரிஜினல் சர்டிபிகேட். ஷூ கட்டாயம்." கடைசி இரண்டு சொற்களுக்குக் கீழே இரட்டைக் கோடு. தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். அந்தத் தேதியில் "மாமாவுடன் போனேன்" என்பதற்கு மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை.

மாமா என்பது அக்காவின் கணவர். பிள்ளையார்பாளையத்தில் கூலிக்குப் பட்டு நெய்தவர். இளமையில் ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்து முடித்திருந்தார். அவருடைய அப்பா படுத்த படுக்கையானதும் தறியில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்த வருடம் நெய்வதற்குப் பாவு நூல் கொடுத்துவந்த முதலாளி, தீபாவளி போகட்டும், பொங்கல் போகட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் முகம் காட்டுவதையே நிறுத்திவிட்டார். அப்போதுதான் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சி.என்.சி. ஆபரேட்டர் வேலைக்குச் செய்முறைத் தேர்வு வைக்கிறார்கள் என்று தெரிந்தது. அவர்கள் சொன்ன வயது வரம்பைச் சித்திரையில் மாமா தாண்டிவிடுவார். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவரைக் கூப்பிடாது என்பது மூவருக்கும் தெரியும்.

மாமா பழகியது பழைய கைலேத்தில். கட்டளைகளை எண்களாகக் கொடுத்தால் தானே இரும்பைக் கடையும் இந்தப் புதிய இயந்திரத்தை அவர் தொட்டதில்லை. நண்பர் ஒருவர் தந்த ஜெராக்ஸ் தாள்களைப் பார்த்து, சேலைப் பெட்டி அட்டையில் அதன் பொத்தான்களை வரைந்தார். அட்டையைத் தறிக் கம்பத்தில் மாட்டி, அதன் எதிரே வெறுங்காலோடு நின்று விரலால் அழுத்திப் பழகினார். அக்கா வெங்காயம் அரிந்தபடியே கேள்வி கேட்பாள்.

"ஜி ஜீரோ ஜீரோன்னா இன்னா?"

"வெட்டாம வேகமா போறது."

"ஜீரோ ஒன்?"

"வெட்டிக்கினே மெதுவா போறது."

"எம் தர்ட்டி?"

"புரோகிராம் முடிஞ்சிபோச்சி."

"அப்ப சாப்பிட வாங்க."

இரவல் வாங்கிய வெர்னியர் காலிப்பரால் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் அளந்தார். கரண்டிக் காம்பு, கதவுத் தாழ்ப்பாள், அக்காவின் வளையல். "வளையலு தேஞ்சிக்கினு வருதும்மா" என்றார் ஒருநாள். "வளையலு தேயல. உள்ள இருக்கிற கையிதான் தேயுது" என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான் என்று இன்று தோன்றுகிறது.

தேர்வு நாளில் என்னுடைய ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தார். பேருந்தில் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டார். அவர் உள்ளே போனதும் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். இரண்டாவது டீ வருவதற்குள் திரும்பிவிட்டார். ஷூ கையில் இருந்தது. தார்ச் சாலையில் வெறுங்காலோடு நடந்து வந்தார்.

"இன்னா மாமா, அதுக்குள்ளயா?"

"ஆயிடுச்சிபா. வா போலாம்."

நடந்ததைச் சொன்னது, வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற முசரவாக்கத்துக்காரர். அன்று சாயங்காலம் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில், காலையில் மாமாவுடன் பார்த்த என்னை அடையாளம் கண்டு தனியே அழைத்துச் சொன்னார். சூப்பர்வைசர் வரைபடத்தையும் இரும்புத் துண்டையும் கொடுத்து இயந்திரத்தைக் காட்டியிருக்கிறார். மாமா ஷூவைக் கழற்றிச் சுவரோரம் ஜோடியாக வைத்தார். இயந்திரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தறிக்குழியில் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. வீட்டில் அட்டையின் எதிரேயும் அவர் ஷூ போட்டு நின்றதில்லை. அப்படி நின்று பழக வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவும் இல்லை. "சேஃப்டியே தெரியாத ஆள மெஷின்ல உட முடியாதுபா. அடுத்த ஆளு வா" என்றாராம் சூப்பர்வைசர். வரிசையில் சிலர் சிரித்தார்களாம். ஒரு பொத்தானைக்கூட மாமா அழுத்தவில்லை.

வீடு திரும்பியதும் வாசலிலேயே அக்கா கேட்டாள்: "இன்னா அளவு வந்துது?"

"கரெக்டா வந்துது" என்றார் மாமா.

அவ்வளவுதான். அக்கா தெருவெல்லாம் சொன்னாள். தபால்காரர் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினாள். அவளைத் தடுக்கவும் மாமாவால் முடியவில்லை, உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. சித்திரை வந்தது, போனது. மாமா அரிசி மண்டியில் மூட்டை தூக்கப் போனார். தூக்கித் தூக்கியே உடம்பு விட்டுப்போய், சில வருடங்களில் இறந்தார்.

அக்கா இப்போது செவிலிமேட்டில் மகனோடு இருக்கிறாள். கம்பெனி வேன்கள் விடியற்காலையில் அந்த வழியாகத்தான் போகின்றன. பார்க்கும்போதெல்லாம், "அளவு கரெக்டா வந்தும் குடுக்கலபா. எவனோ சிபாரிசுல பூந்துட்டான்" என்பாள். நான் ஆமாம் என்பேன்.

முசரவாக்கத்துக்காரரைப் பல வருடங்கள் கழித்து மறுபடி பார்த்தேன். முதல் தடவை சொல்லாத ஒன்றை அன்று சொன்னார். மாமா வெளியேறியதும் சூப்பர்வைசர் மனம் மாறிக் கதவு வரை வந்து, "யோவ், ஷூவ போட்டுக்கினு வாய்யா, செஞ்சி காட்டு" என்று கூப்பிட்டாராம். மாமா திரும்பாமல் நடந்தாராம். அவர் காதில் அது விழுந்ததா, விழுந்தும் நடந்தாரா, அல்லது இவரே எனக்கு ஆறுதலாக இட்டுக்கட்டியதா என்று தெரியவில்லை. வேறு சாட்சி யாரும் எனக்குக் கிடைக்கவில்லை. உறுதி செய்யப்படாத தகவலாகவே இதை எழுதிவைக்கிறேன்.