ஷரீஃபா மாமி வைத்த பொத்தான்

தமிழில் நாவல் எழுதுகிறவர்கள் அத்தனை பேரும் கடைசி வரியை முடித்ததும் எழுந்து நின்று, திண்டுக்கல் பேகம்பூர் இருக்கிற பக்கமாகத் திரும்பி, ஒரு தடவை நடுங்கிவிட்டுத்தான் மறுபடி உட்காருவார்கள். எல்லாம் எங்கள் பக்கத்து வீட்டு ஷரீஃபா மாமிக்குப் பயந்துதான். மாமியின் கத்தரிக்கோலைப் பார்த்திருந்தால், மலைக்கோட்டையைப் பிடித்த வெள்ளைக்காரன்கூட வந்த கப்பலிலேயே திரும்பியிருப்பான்.

இதில் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன். எந்த எழுத்தாளருக்கும் மாமியைத் தெரியாது. ஆனால் எங்கள் தெருப் பெண்கள் எந்த நாவலைப் படிப்பது, எதைத் தொடாமலே திருப்பி அனுப்புவது என்பதெல்லாம் மாமியின் தையல் மெஷினில்தான் முடிவாகும். அது நிஜம்.

மாமிக்கு மூன்று பிள்ளைகள், படுக்கையில் கிடக்கும் மாமனார், ஊர்ப்பட்ட தையல் வேலை. இதற்கு நடுவில் எப்போது படிக்கிறார் என்று கேட்டால், தைக்கும்போதுதான். மெஷினுக்குப் பின்னால் சுவரில் புத்தகத்தைச் சாய்த்து, பக்கம் புரளாமல் கத்தரிக்கோலைக் குறுக்கே வைத்துவிடுவார். நேர்த்தையல் ஓடும்போது கையும் காலும் துணியைப் பார்த்துக்கொள்ளும், கண் கதைக்குப் போய்விடும். வளைவு வந்தால் கண் திரும்பி வரவேண்டும். கதாநாயகன் தண்டவாளத்தில் தலையை வைக்கப் போகிற நேரத்தில் ரவிக்கைக்குக் கழுத்து வளைவு வந்துவிட்டால், ரயிலும் அவனும் காத்திருக்க வேண்டியதுதான்.

புத்தகங்கள் கடைவீதியில் கிதர் முகம்மது நடத்தும் வாடகை நூல்நிலையத்திலிருந்து வரும். எங்கள் தெருப் பெண்கள் கடைவீதிக்குப் போவதில்லை. மாமியின் வீட்டுக்காரர் நைனா முகமது மாமா தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரி. அவர்தான் சாப்பாட்டுப் பையில் கொண்டுவந்து கொண்டுபோவார். அதனால் எங்கள் தெருவில் எந்தக் காதல் கதையைத் திறந்தாலும் ஆட்டுத்தோல் வாடை அடிக்கும்.

மாமி தன் அபிப்பிராயத்தைப் பேனாவால் எழுதுவதில்லை. ஊசியால் தைப்பார். நல்ல இடம் வந்தால் பக்கத்தின் ஓரத்தில் ஒரு பச்சை நூல். கறுப்பு நூல் இருந்தால், அங்கிருந்து அடுத்த கறுப்பு நூல் வரைக்கும் தாண்டிப் போய்விடலாம், ஒன்றும் குறையாது. வெள்ளை நூல் என்றால் அழுகை வரும் இடம். உலையை இறக்கி வைத்துவிட்டுப் படிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தின் மூலையில் ஒரு சட்டைப் பொத்தான் இருந்தால் அருமையான நாவல். பொத்தான் இல்லாமல் வெறும் காஜா மட்டும் இருந்தால், அந்த எழுத்தாளர் வேறு தொழில் பார்க்கலாம்.

முதல் முறை பார்த்தபோது கிதர் முகம்மது, புத்தகத்தை ரவிக்கை என்று நினைத்துவிட்டார்களா உங்கள் வீட்டில் என்று மாமாவிடம் சண்டைக்கே வந்துவிட்டார். பிறகு பார்த்தால் மற்ற தெருக்காரர்களும் நூல் போட்ட புத்தகமாகத் தா என்று கேட்க ஆரம்பித்தார்கள். மனிதர் வாயை மூடிக்கொண்டார். அப்புறம் புதுப் புத்தகம் வாங்க மதுரைக்குப் போகுமுன் பொத்தானைப் பார்க்காமல் போவதில்லை.

ஒரு தடவை உள்ளூர்க்காரர் ஒருவர் தான் எழுதிய நாவலோடு ஒரு சீப்பு சிறுமலைப் பழத்தையும் சேர்த்து அனுப்பினார். மாமி பழத்தைத் தெருவுக்கே பங்கு வைத்தார். நாவலை ஒரு வரி விடாமல் படித்தார். காஜா மட்டும் எடுத்து அனுப்பினார்.

எனக்கும் நாவலுக்கும் சம்பந்தமில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் பெரியவளானதும் ஏழாம் வகுப்போடு என் படிப்பை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் மாமி வீட்டுக்குப் போவது கொக்கி வைப்பதற்கும், மாமாவின் சட்டைப் பையை வாயோடு வாயாகத் தைத்து வைப்பதற்கும்தான். கதைப் புத்தகத்துக்காகக் கண்ணீர் விடுகிற பெண்களை நான் எவ்வளவு கேலி செய்திருக்கிறேன் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அறுபத்திரண்டாம் வருஷத்து நோன்பு மாதத்தில்தான் அந்த இரண்டு பாக நாவலின் முதல் பாகம் வந்தது. கணக்குப்பிள்ளை ஒருவரின் மகள் கதை. மாமி அதில் விழுந்துவிட்டார். சாணார்பட்டியிலிருந்து காய்க்கூடை கொண்டுவரும் பொன்னழகு அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே மாமி சொல்கிற கதையைக் கேட்டு அதுவும் விழுந்துவிட்டது.

"ஏந்தாயி, அந்தப் புள்ளய அவுகப்பன் பள்ளிக்கொடத்துக்கு அனுப்புனானா இல்லையா?"

"இன்னும் அனுப்பலக்கா."

"வெளங்குவானா அவன்" என்று பொன்னழகு அக்கா கூடையைத் தூக்கும். அடுத்த தெருவுக்குப் போகிற வரைக்கும் திட்டு கேட்கும்.

பெருநாளுக்கு முந்திய வாரம் கிதர் முகம்மது சொல்லியனுப்பினார். புதன்கிழமை சாயங்காலம் மதுரைக்குப் போகிறார். முதல் பாகம் பொத்தானோடு வந்தால் இரண்டாம் பாகம் வாங்குவார். இல்லையென்றால் அந்தப் பணத்துக்குத் துப்பறியும் கதைகள்தான்.

வேறு மாதமாக இருந்தால் மாமிக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஆனால் அந்த வருஷம் பெருநாளுக்கு எல்லாக் குழந்தைக்கும் சாட்டின் கவுன். சாட்டின் வழுக்கும். கண்ணை எடுத்தால் தையல் தெருவுக்கு ஓடிவிடும். புத்தகம் சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. கத்தரிக்கோல் அதே பக்கத்தில் நாள் கணக்காகக் கிடந்தது. மாமி அடிக்கடி அதைப் பார்ப்பார். அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

புதன்கிழமை காலையில் நான் போனபோது மாமி கத்தரிக்கோலை எடுத்துவிட்டுப் புத்தகத்தை மூடினார். பாதிதான் முடிந்திருந்தது.

"ஒரு பொத்தானை வச்சு அனுப்பிருங்க மாமி. யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"எனக்குத் தெரியும்ல" என்றார். "படிக்காத புத்தகத்துக்கு நான் பொத்தான் வைக்க மாட்டேன். வச்சேன்னா, இதுக்கு முன்னால வச்ச பொத்தானெல்லாம் தெறிச்சுப் போயிரும்டி."

கதவுக்குப் பின்னால் தொங்கிய பையில் புத்தகத்தைப் போட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்தார். முதுகு என் பக்கம் இருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் மெஷின் சத்தத்தில் வழக்கமான ஓட்டம் இல்லை.

மாமா மத்தியானம் லுகர் தொழுகைக்கு வந்து, திரும்பிப் போகும்போது பையை எடுத்துப் போவார். அதுவரைக்கும் அந்தப் பை சும்மாதானே தொங்கப்போகிறது? எங்கள் வீட்டு விறகு அறைக்குள் யாரும் வரமாட்டார்கள். மீதிப் பாதியைப் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு வரி விடாமல் புரட்டினேன். மாமி எங்கே பச்சை வைப்பார், எங்கே கறுப்பு வைப்பார் என்று எனக்குத் தெரியாதா? இடம் பார்த்து நூல் போட்டேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பொத்தானைத் தைத்தேன். நான்கு ஓட்டையிலும் குறுக்கு நெடுக்காக, மாமி தைக்கிற மாதிரியே. மாமா செருப்பைப் போடுவதற்கு முன்னால் புத்தகம் பைக்குள் இருந்தது.

பெருநாள் முடிந்தது. தெருவில் ஒரு சாட்டின் கவுன்கூடப் பிரியவில்லை. அடுத்த வாரம் கிதர் முகம்மது இரண்டு பாகத்தையும் சேர்த்து அனுப்பினார், உங்கள் பொத்தானைப் பார்த்துத்தான் வாங்கினேன் என்று ஒரு வார்த்தையோடு.

மாமி இரண்டாம் பாகத்தை அலமாரிமேல் வைத்துவிட்டு, முதல் பாகத்தைப் பாதியிலிருந்து படித்தார். மூன்றாம் நாள் கூப்பிட்டார். நான் கொக்கிப் பெட்டியோடு போய் உட்கார்ந்தேன்.

"பொத்தான் நல்லாத்தான் இருக்கு" என்றார். "படிச்சுப் பாத்தேன், நானும் அதத்தான் வச்சிருப்பேன். பச்சையும் சரி, கறுப்பும் சரி. யாரு போட்டது?"

"எனக்கென்ன தெரியும்? நான் கதையெல்லாம் படிக்கிறதில்லையே மாமி."

மாமி ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். அந்தப் பக்கத்தில் யாரும் சாகவில்லை, யாரும் யாரையும் பிரியவில்லை. கணக்குப்பிள்ளையின் மகள், பள்ளிக்கூடம் போகப்போகிற தம்பியின் புத்தகத்துக்கு அட்டை போடுகிறாள். போட்டு முடித்தபின் முதல் பாடத்தை மெதுவாகத் தனக்குத்தானே படித்துப் பார்க்கிறாள். அவ்வளவுதான். ஓரத்தில் வெள்ளை நூல் இருந்தது.

"இந்த எடத்துல எதுக்குடி வெள்ள?"

"பச்சை நூல் தீந்து போயிருக்கும். வச்சவங்களுக்கு."

"அப்ப இங்கன தாள் நனஞ்சு பொம்மிப்போயி சுருங்கிக் கெடக்கே, அது?"

"நோன்புக் கஞ்சி சிந்தியிருக்கும் மாமி" என்றேன்.

மாமி புத்தகத்தை மூடினார்.

"காலையில நான் பையில போட்டேன். லுகருக்கு உங்க மாமா எடுத்துட்டுப் போயிட்டாரு. நடுப்பகல்ல ஏதுடி நோன்புக் கஞ்சி?"

கதைக்கு அழுதேன் என்பதா, நோன்பை விட்டேன் என்பதா, இரண்டில் எது கேவலம் குறைவு என்று யோசித்தேன்.

"அன்னைக்கு நான் நோன்ப விட்டுட்டேன் மாமி" என்றேன்.

"அதுவும் இல்ல" என்றார் மாமி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.